சொக்கனுக்குக் கட்டிய புற்று

டொரண்டோவில் அடுக்குமாடி வீட்டின் ஹீட்டர் ஓடத் தொடங்கினால் முதலில் என் உதடுதான் வெடிக்கும். இந்த முறை எனக்கு முன்பே சொக்கனுக்குத் தெரிந்துவிட்டது. சொக்கன் ஆறு வயது ஆண் பால் பைத்தான் (ball python), நான் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் பாம்பு. பெயரைக் கேட்ட அம்மா தொலைபேசியில், "பாலா குடிக்கும்?" என்றார். பயந்தால் தலையை நடுவில் ஒளித்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும், அதனால் அந்தப் பெயர் என்று விளக்கினேன். பால் பாம்புக்கு உணவே இல்லை என்றும் சொன்னேன். வெள்ளிக்கிழமைதோறும் புற்றுக்குப் பால் ஊற்றுபவரிடம் அந்த வாதம் எடுபடவில்லை.

நவம்பர் 9. இரண்டு நாளாகத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கிறான். இரவானால் கண்ணாடியில் மூக்கைத் தேய்த்தபடி தொட்டியைச் சுற்றுகிறான். தண்ணீரை விட்டு எழாத பாம்புக்கு உண்ணி தொற்றியிருக்கலாம், சூடு தாங்காமல் இருக்கலாம், காற்று வறண்டிருக்கலாம். ஈரமான வெள்ளைத் துணியால் உடல் முழுக்கத் துடைத்துப் பார்த்தேன். கறுப்புப் புள்ளி ஒன்றுகூட ஒட்டவில்லை. உண்ணி இல்லை. அடுத்து வெப்பம். சூடான பக்கம் 32 டிகிரியும் குளிர்ந்த பக்கம் 26 டிகிரியும் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. சூடான பக்கத்துத் தரை 38 காட்டியது! தெர்மோஸ்டாட்டின் சென்சார் கம்பியை இரவு உலாவில் இழுத்துக் குளிர்ந்த பக்கம் தள்ளியிருக்கிறான். அது அங்கே குளிர்கிறது என்று சொல்லச் சொல்ல, இங்கே செராமிக் பல்பு விடாமல் எரிந்திருக்கிறது. கம்பியை நான்கு இடத்தில் இறுக்கிக் கட்டினேன்.

வெப்பம் சரியானது, சொக்கன் கிண்ணத்தை விடவில்லை. ஈரப்பதமானியோ 60 சதவீதம் என்று அடித்துச் சொன்னது. கண்ணாடியில் ஒட்டும் முள் வைத்த மலிவு ரகம். சந்தேகம் வந்து உப்புச் சோதனை செய்தேன். பாட்டில் மூடியில் உப்பைக் கொட்டி, கரையாத அளவுக்குச் சில சொட்டு நீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் அடைத்து ஒரு நாள் வைத்தால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். என் மானி காட்டியது 90. பதினைந்து புள்ளி பொய்! அப்படியென்றால் தொட்டியில் இருந்தது 45தான்.

டிசம்பர் 6. தாமதமாக விழித்ததற்குத் தண்டனை. நவம்பர் இறுதியிலேயே, சட்டை உரிக்கப்போவதற்கு அறிகுறியாக, கண் பால்நீலமாகி, பிறகு தெளிந்திருந்தது. ஒரே உறையாக உரிய வேண்டிய சட்டை அப்பளம் நொறுங்கினதுபோலத் துண்டு துண்டாக வந்தது. வால் நுனியில் ஒரு வளையம் ஒட்டிக்கொண்டது. இறுகினால் இரத்த ஓட்டத்தையே தடுத்துவிடும். வெதுவெதுப்பான ஈரத் துண்டை விரித்த பெட்டியில், காற்றுத்துளை இருக்கிறதா என்று பார்த்து, அரை மணி நேரம் விட்டேன். துண்டின் மடிப்புகளுக்குள் நுழைந்து வெளிவந்ததில் வளையம் தானாகக் கழன்றது. இடது கண்ணை மூடியிருக்கும் பழைய செதில் மட்டும் போகவில்லை. அதை நகத்தால் நோண்டத் துணியவில்லை. நோண்டினால் அடியில் இருக்கும் புதுச் செதிலும் சேர்ந்து போகும்.

பதற்றத்தில் அடுத்த தவறும் செய்தேன். தினமும் மூன்று வேளை நீர் தெளித்தேன். கண்ணாடி வேர்த்து வழிந்தது, மானி 90க்கு மேல் போனது, ஒரு வாரத்தில் வயிற்றுச் செதில் இரண்டு இளஞ்சிவப்பாகின. எந்நேரமும் ஈரத்தில் கிடந்தால் செதில் அழுகும் என்று படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டு உட்கார்ந்து யோசித்தேன்.

இந்தப் பாம்பின் ஊர் கானா, டோகோ, பெனின் பக்கம். அங்கே வெயிலில் திரிவதில்லை. பகலெல்லாம் எலி வளையிலும் கறையான் புற்றிலும் கிடக்கும். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை ஆப்பிரிக்காவிலும் அப்படியேதான். வெளியே மண் பொரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அம்மாவின் புற்று நினைவுக்கு வந்தது. நானோ கண்ணாடிச் சுவரின் ஈரத்தை அளந்துகொண்டிருந்தேன். சொக்கன் கண்ணாடியிலா குடியிருக்கிறான்?

மரத்தூளுக்குப் பதிலாகத் தேங்காய் மட்டைத் துண்டுகளை எட்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்பினேன். தெளிப்பானை அலமாரியில் போட்டேன். வாரம் ஒருமுறை நான்கு மூலையிலும் அரை லிட்டர் வெந்நீரை ஆறவைத்து ஊற்றுகிறேன். அடி ஈரமாகவும் மேல் உலர்ந்தும் இருக்கிறது. வலை மூடியில் முக்கால் பங்கை அலுமினியத் தாளால் மறைத்தேன், பல்பின் பக்கம் மட்டும் திறந்திருக்கிறது. சொக்கன் ஒளிந்துகொள்ளும் பெட்டிக்குள் நனைத்துப் பிழிந்த பாசியை ஒரு கைப்பிடி வைத்து, புதிய டிஜிட்டல் மானியின் சென்சாரை அங்கேயே நுழைத்தேன். உள்ளே 74, வெளியே 60. மூன்றாம் நாள் சொக்கன் கிண்ணத்தை விட்டு வெளியேறியிருந்தான். மூக்குத் தேய்ப்பும் நின்றது.

சாப்பாடுதான் இழுபறி. உறைபனியிலிருந்து எடுத்துச் சூடாக்கிய எலியை நவம்பரிலிருந்து ஐந்து முறை மறுத்துவிட்டான். குளிர்காலத்தில் ஆண்கள் மாதக்கணக்கில் பட்டினி கிடப்பது வழக்கம்தான். ஆனால் ஒரு மாதமாகத் தொட்டியைக் குடைந்து அவனை நிம்மதியில்லாமல் செய்ததும் நான்தான். எது காரணம் என்று பிரிக்க முடியாது. 1,420 கிராம் இருந்தவன் இப்போது 1,365. நான்கு சதவீதத்துக்குள்தான் குறைந்திருக்கிறது. மூச்சில் இரைச்சலோ வாயில் நுரையோ இல்லை.

ஜனவரி 28. காலையில் பாசிக்கு மேல் முழுச் சட்டை, தலை முதல் வால் நுனி வரை கிழியாமல். தலைப்பகுதியை விளக்குக்கு நேரே பிடித்தேன். வலக் கண் இருந்த இடத்தில் கண்ணாடிபோல ஒரு வட்டச் செதில். இடப்பக்கம் சற்றுத் தடிப்பாக, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு.

பிப்ரவரி 3. எலியை நீட்டினேன். தலையை வெளியே நீட்டி, நாக்கை நான்கு முறை சுழற்றிவிட்டு உள்ளே போய்விட்டான். எலி குப்பைக்கு. எடை 1,362.