காரைக்குடிக் கல்லூரிக் கூட்டுப்பாட்டின் கதை

கல்லூரிப் பாட்டுக் குழுவில் யாரும் மூன்று வருடத்துக்கு மேல் இருப்பதில்லை. பட்டம் வாங்கியதும் கல்யாணம், வேலை, சென்னை, மலேசியா என்று ஆளுக்கொரு திசையில் போய்விடுகிறோம். அப்படியும் காரைக்குடியில் நான் படித்த கல்லூரியின் குழு எண்பதுகளில் தொடங்கி, நடுவில் தேய்ந்து, இன்றைக்கும் பாடுகிறது. அந்தக் கதையை நினைவிருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் சேர்ந்து பாடுவது பழைய வழக்கம். தைப்பூசத்துக்குப் பழனி போகும் நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் புறப்படும். வழிநெடுக ஒருவர் எடுத்துக்கொடுக்க, பின்னால் நடப்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள். குழுவில் சேர்ந்த பையன்கள் பலருக்குத் தொண்டை திறந்தது அந்த நடையில்தான். தேவகோட்டையிலிருந்து மாதா கோயிலில் பாடி வளர்ந்த இரண்டு பெண்கள் வந்த பிறகுதான், மெட்டோடு கூடவே வேறொரு மெட்டை இரண்டாம் குரலாகப் பாடலாம் என்று எங்களுக்குத் தெரிந்தது. கச்சேரி கேட்டுப் பழகிய சிலருக்கு முதலில் அது அபஸ்வரமாகவே பட்டது.

குழுவை உண்டாக்கியவர் எங்கள் தமிழ்த்துறை ஐயா. சென்னையில் மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழு பாடியதைக் கேட்டவர். எழுபதுகளின் தொடக்கத்தில் அதைத் தொடங்கிய எம்.பி. சீனிவாசனைத்தான் எந்நேரமும் பேசுவார். சினிமாவுக்கு இசையமைத்துக்கொண்டே, பாரதி பாடல்களைப் பல குரல்களுக்குப் பிரித்து அமைத்து இளைஞர்களைப் பாடவைத்தவர் எம்.பி.எஸ். 1988 மார்ச்சில், சேர்ந்திசை கற்றுக்கொடுக்கப் போயிருந்த லட்சத்தீவில் அவர் இறந்துபோனார். செய்தி வந்த அன்று ஐயா வகுப்பு எடுக்கவில்லை. சாயங்காலம் எங்களை உட்காரவைத்து ஒரே பாட்டை இருட்டும்வரை பாடவைத்தார்.

தமிழில் மட்டும் பாடுவது என்பதும் அவர் முடிவுதான். 1929-ல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டவரும், 1943-ல் சென்னையில் தமிழிசைச் சங்கம் பிறக்கக் காரணமானவருமான ராஜா அண்ணாமலைச் செட்டியார், இதோ இருக்கிற கானாடுகாத்தான்காரர். பாரதியே 1919-ல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்திருக்கிறார். “இந்த மண்ணில் நின்றுகொண்டு வேறெதைப் பாடுவீர்கள்?” என்பார் ஐயா. அன்றைக்கும் எனக்கு அது சரி என்றே பட்டது, இன்றைக்கும் அப்படித்தான்.

ஒத்திகை சனிக்கிழமைகளில், ஒரு சிநேகிதி வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில். முகப்பிலும் பெரிய கூடத்திலும் பாடினால் எதிரொலி தப்பை மூடிவிடும். வளவு மேலே திறந்தது, அவரவர் குரல் அப்படி அப்படியே கேட்கும். அவள் ஆச்சி தூணோரம் உட்கார்ந்து, “ஆத்தா, அந்தக் கடைசிப் பய வாயசைக்கிறான், சத்தமே வரலையே” என்று சரியாகக் கண்டுபிடித்துவிடுவார்.

சுருதிதான் எங்களைப் படாதபாடு படுத்தியது. சுருதியின் உயரத்தைக் கட்டை என்று எண்ணுவோம்; எண் கூடினால் உயரம் கூடும். பையன்களுக்கு ஒரு கட்டை, பெண்கள் எங்களுக்கு ஐந்து. கடைசியில் மூன்று கட்டையில் நின்றோம். நாங்கள் இறங்க, அவர்கள் ஏற, ஒரு ஸ்தாயி இடைவெளியில், அதாவது கீழ் ச-வுக்கும் மேல் ச-வுக்கும் உள்ள தூரத்தில், இரண்டு பக்கமும் சேர்ந்தது. முதன்முதலாக இரண்டு குரலில் பாடியது, ஐயாவே மோகன ராகத்தில் மெட்டமைத்த ஒரு பாரதி பாட்டு. மோகனத்தில் மத்திமமும் (ம) நிஷாதமும் (நி) கிடையாது. ச ரி க ப த என்ற ஐந்தில் எந்த இரண்டும் அரைச்சுர நெருக்கத்தில் இல்லை. அதனால் ஒருவர் காந்தாரத்திலும் (க) இன்னொருவர் பஞ்சமத்திலும் (ப) நின்றாலும், கொஞ்சம் தடுமாறிப் பக்கத்துச் சுரத்துக்குப் போனாலும், காதில் உரசாது. புதிய பிள்ளைகளை இரண்டாம் குரலுக்குப் பழக்க அதைவிட நல்ல ராகம் எனக்குத் தெரியாது.

எல்லாம் வாய்வழிதான். இரண்டாம் ஆண்டு அக்கா பாடுவாள், முதலாம் ஆண்டுப் பெண் திருப்பிப் பாடுவாள். சுரம் எழுதிய நோட்டு என்று எதுவும் இல்லை.

பிறகு கேசட் வந்தது, சிடி வந்தது. விழாக்களில் குழு முதலில் மேடையேறுவதே தமிழ்த்தாய் வாழ்த்துக்காகத்தான். மனோன்மணீயம் சுந்தரனார் எழுதியதை 1970-ல் அரசு ஏற்றுக்கொள்ள, எம்.எஸ். விஸ்வநாதன் மோகனத்தில் மெட்டமைத்த பாட்டு. அதையே ஒலிபெருக்கியில் போட ஆரம்பித்ததும் குழுவுக்கு வேலை இல்லாமல் போனது. சில வருடங்கள் விடுதி மாடியில் பாடிய நாலைந்து பேர்தான் குழு.

2021 டிசம்பரில் அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்தது. 55 விநாடி, மோகன ராகம், மூன்றன் நடை (மும்மூன்றாக எண்ணும் தாளம்) என்று வரையறுத்த அதே ஆணை, இசைவட்டைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும் என்றும் சொன்னது. அந்த ஆணையைப் படித்தபோது, இதைப் பார்க்க ஐயா இல்லையே என்றுதான் நினைத்தேன். கல்லூரியில் மறுபடியும் பிள்ளைகளைத் தேட ஆரம்பித்தார்கள்.

போன மாதம் போய்க் கேட்டேன். முப்பது பேருக்குக் குறையாது. சுருதி சுத்தமாக இருக்கிறது, பையன்கள் வாயைத் திறந்து பாடுகிறார்கள். ஐயாவின் மோகன மெட்டை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன், ஆனால் நான் பாடியது முதல் குரல். இரண்டாம் குரல் எனக்கு அரைகுறையாகத்தான் வருகிறது, சரணத்தில் முழுதாக விட்டுப்போகிறது. 86-லிருந்து 89-க்குள் எங்களோடு இரண்டாம் குரல் பாடியவர்கள் யாராக இருந்தாலும், எந்த ஊரில் இருந்தாலும், சரணத்தை மட்டும் போனில் பாடி அனுப்புங்கள். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.