காத்திருக்கும் கணுவுக்கும் மின்சாரம் வேண்டும்

முதுகலை இறுதியாண்டில் நான் எடுத்துக்கொண்ட கேள்வி இது: நகர்ந்துகொண்டே ஒன்றின் வழியாக ஒன்று தகவல் அனுப்பும் கருவிகளின் (கணுக்களின்) கம்பியில்லா வலையமைப்பில் ஏஓடிவி (AODV), டிஎஸ்டிவி (DSDV) என்ற இரண்டு வழித்தட நெறிமுறைகளில் எது மின்கலத்தைச் சிக்கனமாகச் செலவிடும்? ஏஓடிவி தேவை வந்தால்தான் வழி தேடும். டிஎஸ்டிவி கேட்டாலும் கேட்காவிட்டாலும் தன் வழிப்பட்டியலை அக்கம்பக்கத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

என்எஸ்-2 சிமுலேட்டரில் 1000 மீட்டர் சதுரத்துக்குள் 50 கணுக்களை 200 வினாடி அலையவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் தொடக்க மின்கல இருப்பு 100 ஜூல். ஏஓடிவி தெளிவாக முந்தியது. அதை வைத்து ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன்.

பிறகுதான், சிமுலேட்டர் ஒவ்வொரு நிகழ்வையும் பதிந்துவைக்கும் டிரேஸ் கோப்பில் ஒரு வரி கண்ணில் பட்டது. பத்து வினாடிக்குமேல் கழித்துக் கிளம்பிய முதல் பாக்கெட்டின், அதாவது தகவல் பொட்டலத்தின், வரி அது. அனுப்பும் கணுவின் இருப்பு 100.000000. ரேடியோவைத் திறந்துவைத்துக் காத்திருந்த கருவி அதுவரை ஒரு துளிகூடச் செலவழிக்கவில்லையா? சிமுலேட்டரின் மூல நிரலைத் திறந்தேன். காத்திருப்புக்கான மின்திறனை நாம் தராவிட்டால், அது 0.0 என்றே எடுத்துக்கொள்கிறது. நான் தந்திருக்கவில்லை.

லாரா ஃபீனியும் மார்ட்டின் நில்சனும் 2001இல் வெளியிட்ட அளவீடுகளைத் தேடிப் படித்தேன். அவர்கள் சோதித்த 2 மெகாபிட் வேவ்லான் என்ற கம்பியில்லா வலையமைப்பு அட்டை, அனுப்பும்போது சுமார் 1327 மில்லிவாட், பெறும்போது 966, சும்மா காத்திருக்கும்போதே 843 எடுத்தது. அதாவது பாக்கெட்டைப் பெறும்போது கூடுதலாக எடுப்பது 123 மில்லிவாட்தான்! ரேடியோவை மூடித் தூங்கினால் மொத்தமே 66.

இந்த எண்களைப் போட்டு மறுபடி ஓட்டினேன். 119 வினாடிக்குள் எல்லாக் கணுக்களும் அணைந்துவிட்டன. 100 ஜூலை 0.843ஆல் வகுத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். தொடக்க இருப்பை 500 ஜூலாக்கி ஓட்டியபோது, 200 வினாடிக் காத்திருப்பு மட்டுமே கணுவுக்கு 169 ஜூலை நெருங்கியது. நான் அத்தியாயம் எழுதிய வித்தியாசம் அதற்குள் கரைந்துபோனது.

மனம் கனத்தது. ஆனாலும் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு, எந்தக் கணுவைத் தூங்கவிடலாம் என்று கேட்கும் ஸ்பான் (Span), காஃப் (GAF) முறைகளின் பக்கம் திரும்பினேன். மின்கலம் உண்மையில் மிச்சமாவது அங்கேதான். இந்தத் துறையில் திட்டப்பணி செய்கிறவர்கள் முதல் ஓட்டத்துக்கு முன்பே காத்திருப்பு, தூக்கம் இரண்டின் மின்திறனையும் ஸ்கிரிப்டில் எழுதிவிடுங்கள்.