நிஸ்வா சந்தையில் சேதாரம் கேட்ட மாமனார்

விசிட் விசாவில் வந்திருக்கும் மாமனாரை நேற்று நிஸ்வாவுக்கு அழைத்துச் சென்றது, வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையைக் காட்டிவிட்டு வெயில் ஏறுவதற்குள் மஸ்கட் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில்தான். "ஒன்றிலும் கறி இல்லை, மாப்பிள்ளை" என்று ஆடுகளுக்குத் தீர்ப்பு வழங்கிவிட்டுக் கோட்டைப் பக்கம் நடந்தவர், பழைய வெள்ளிச் சாமான் கடையொன்றின் வாசலில் நின்றுவிட்டார்.

உள்ளே ஒரு பழைய கஞ்சர் இருந்தது. ஓமான் கொடியில் இருக்கிறதே, திருமணத்துக்கும் பெருநாளுக்கும் இங்குள்ளவர்கள் இடுப்பின் நடுவே கட்டிக்கொள்கிறார்களே, அந்தக் குறுங்கத்திதான். தோல் போர்த்திய மர உறையின் மேல் வெள்ளிக் கம்பியைத் தையல் போல இழைத்திருந்தார்கள்; இழைகளின் இடுக்கில் கருமை படிந்திருந்தது. வளையங்கள் ஏழு இருந்ததால் அது அரச குடும்பத்தின் பெயரால் வழங்கும் சயீதி வகை என்று கடைக்காரப் பெரியவர் இந்தியில் விளக்கினார்.

மாமா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கிராம்?" மரம், தோல், இரும்பு எல்லாவற்றையும் கழித்து வெள்ளியை மட்டும் நிறுத்துச் சொல்ல வேண்டுமாம், செய்கூலி தனியாம், சேதாரம் எத்தனை சதவீதம் என்றும் தெரிய வேண்டுமாம். பெரியவர் பதில் சொல்லாமல் கஹ்வா எனும் அரபுக் காப்பியும் பேரீச்சம்பழமும் எடுத்து வைத்தார். இந்தக் கைவினை 2022-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது என்று நான் குறுக்கே புகுந்தேன். "அது இருக்கட்டும், ஹால்மார்க் இருக்கிறதா?" என்றார் மாமா. என் நிச்சயதார்த்த மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அதே பார்வை.

அந்தக் காலத்தில் இதற்கான வெள்ளியை எதிலிருந்து எடுத்தார்கள் என்று காட்டுவதற்காகப் பெரியவர் ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் உருவம் பொறித்த வெள்ளி நாணயம் ஒன்றை நீட்டினார். அவற்றை உருக்கித்தான் தட்டார்கள் வேலை செய்தார்களாம். நாணயத்தில் 1780 என்று இருந்தது. அது அந்த அரசி மறைந்த ஆண்டு என்றும், பிற்பாடு அடித்தவற்றிலும் அதே ஆண்டைத்தான் பொறித்தார்கள் என்றும் நான் வாய் திறந்திருக்கவே கூடாது. "அப்படியானால் எல்லாம் டூப்ளிகேட்" என்று முடித்துவிட்டார் மாமா.

கடைசியாகப் பெரியவர் கத்தியை உருவிக் காட்டினார். உறை ஏறக்குறைய செங்கோணத்தில் வளைந்திருக்க, கத்தியோ இலேசாக வளைந்து, உறையின் நுனிக்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது. மிச்சமுள்ள வளைவெல்லாம் அழகுக்குத்தான். உறைக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்த மாமா, கடை அதிரும்படி, "காலி இடத்துக்கும் சேர்த்தா காசு?" என்றார். பெரியவருக்குத் தமிழ் தெரியாது என்று நான் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவர் சிரித்த சிரிப்பு அப்படியில்லை.

வாங்கவில்லை. ஆனால் ஆசையும் விடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலுள்ள மத்ரா சந்தைக்குப் போக வேண்டுமாம். அதற்குள் ஊரிலிருந்து வருகிறவர் யாரிடமாவது உரைகல்லைக் கொடுத்தனுப்பும்படி இரவே அத்தைக்குத் தொலைபேசியில் உத்தரவு போய்விட்டது.