ஒரு மீன், ஒரு சாறு, ஒரு கீரை: சைகோனில் எங்கள் இரவுச் சோறு

வியட்நாமில் குடியிருக்கிறேன் என்றாலே ஊரில் எல்லாரும் ஃபோ என்ற நூடுல்ஸ் சாற்றைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவிட்டு இறக்கும் அந்தச் சாற்றை வாரநாளில் வீட்டில் வைப்பவர்கள் குறைவு. காலையில் கடையிலேயே சாப்பிட்டுவிடுகிறார்கள். வேலை முடிந்து களைத்து வந்து அடுப்பை மூட்டுகிறவர்களுக்கு இந்த நாட்டில் வேறொரு சாப்பாடு இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

சோறு, உப்பும் இனிப்புமாக வற்றவைத்த மீன் அல்லது இறைச்சி, தெளிந்த சாறு, ஒரு கீரை. நடுவில் சின்னக் கிண்ணத்தில் மிளகாய் நறுக்கிப் போட்ட நுவொக் மாம், அதாவது மீனை உப்பிலிட்டு எடுத்த சாறு. எல்லாரும் பொதுத் தட்டுகளிலிருந்து எடுத்துத் தம் கிண்ணத்துச் சோற்றோடு உண்கிறார்கள். வடக்கிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில், பெரியவர்களைச் சாப்பிட அழைத்த பிறகுதான் பிள்ளைகள் குச்சியை எடுக்கிறார்கள்.

நான் நாகப்பட்டினத்துக்காரி, மீன் எனக்குப் புதிதல்ல. மசாலா அரைக்காமல் மீன் சமைக்கும் கையை எனக்குத் தந்தவர் பக்கத்து வீட்டு அம்மாள். மண்சட்டியில் சர்க்கரையைப் பாகாக்கிக் கருஞ்சிவப்பு நிறம் வரும்வரை விட வேண்டும். அதைத் தாண்டினால் கசந்துவிடும். உடனே இளநீர், நுவொக் மாம், நசுக்கிய சின்ன வெங்காயம், மிளகாய். விரால் துண்டுகளை அடுக்கிச் சிறுதீயில் அரை மணி நேரத்துக்கு மேல் விட்டால் குழம்பு சுண்டி மீனைப் பளபளவென்று போர்த்திக்கொள்ளும். இறக்கும்போது மிளகுத்தூள் தாராளமாக. இதுதான் கா கோ தோ. ஒரு சிறு துண்டுக்கு ஒரு கிண்ணம் சோறு போகும். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும் என்பதால் நான் எப்போதும் இரண்டு வேளைக்குச் சேர்த்தே வைக்கிறேன்.

மீன் சட்டியில் வற்றுகிற நேரத்தில் சாறு தயாராகிவிடும். தென் வியட்நாமின், குறிப்பாக மேக்கோங் ஆற்றுப் படுகையின் கான் சுவா, புளிக்கரைசலில் வைக்கும் மீன் சாறு. தக்காளி, அன்னாசி, சாய்வாக நறுக்கிய வெண்டைக்காய், பஞ்சு போன்ற ஒரு வகைச் சேம்பின் தண்டு, முளைகட்டிய பயறு எல்லாம் இதில் சேரும். சந்தையில் இவற்றை ஒரே கட்டாகக் கட்டி விற்கிறார்கள். 'கான் சுவாவுக்கு' என்று சொன்னால் போதும், கையில் எடுத்துத் தந்துவிடுவார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. முளைப்பயறு கடைசியில்தான் விழ வேண்டும், நறுக்கென்று இருக்க வேண்டும். பிறகு பொரித்த பூண்டும் ஙோ ஓம் என்ற நீர்நிலைத் தழையும். அந்தத் தழையில் சீரகமும் எலுமிச்சையும் கலந்த மணம் எழும். ரசத்துக்கு ஏங்கும் மாலைகளில் எனக்கு இந்த மணமே போதுமாக இருக்கிறது. சாற்றில் வெந்த மீனைத் தனித் தட்டில் எடுத்து நுவொக் மாமில் தொட்டுக்கொள்கிறார்கள்.

கீரைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வள்ளைக்கீரையைப் பூண்டோடு பெருந்தீயில் புரட்டினால் மூன்று நிமிடம். வெறுமனே அவித்தால், அவித்த தண்ணீரிலேயே எலுமிச்சை பிழிந்து சாறாகக் குடிக்கும் வழக்கமும் இருக்கிறது. சாறு தனியாக வைக்க நேரமில்லாத நாட்களில் நான் இதைத்தான் செய்கிறேன்.

அமாவாசையை ஒட்டி வரும் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பௌர்ணமியான பதினைந்தாம் நாளிலும் இங்கே பலர் மரக்கறி உணவுதான் உண்கிறார்கள். சந்தையில் டோஃபு, அதாவது சோயாப் பால்கட்டி, விற்கும் கடைகளில் கூட்டம் கூடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் நம் வணிகர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் சைகோன் நகரின் நடுவில் இருக்கிறது. அங்கே ஊதுபத்தியோடு வணங்கி நிற்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்களே. அந்த நாட்களில் எங்கள் வீட்டிலும் மீன் இல்லை. கான் சுவாவில் காளானும் டோஃபுவும், வற்றவைக்கும் சட்டியில் பொரித்த டோஃபுவும் மிளகும். நுவொக் மாமுக்குப் பதில் சோயா சாறு. மரக்கறி மட்டுமே உண்பவர்கள் இந்த நாட்டுக்கு வரத் தயங்கினால் நான் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியது நுவொக் மாமைப் பற்றி. நம் சமையலில் அரைப்பும் தாளிப்பும் செய்கிற வேலையில் பாதியை இங்கே அந்தப் பாட்டில் செய்கிறது. அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. ஃபூ குவோக் தீவில் நெத்திலியையும் உப்பையும் மரத்தொட்டிகளில் ஏறத்தாழ ஓராண்டு ஊறவிட்டு எடுக்கிறார்கள். அந்தப் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் புவிசார் பாதுகாப்பு வழங்கியது. லேபிளில் 30, 35, 40 என்று ஓர் எண் இருக்கும். லிட்டருக்கு எத்தனை கிராம் நைட்ரஜன் என்பதுதான் அது. எண் ஏற ஏற மீனின் சாரம் கூடுதல். சேர்மானப் பட்டியலைப் படியுங்கள்; நெத்திலியும் உப்பும் மட்டும் இருந்தால் நல்லது. வற்றவைக்கும் சட்டிக்கு 30 எண்ணே போதும், மேசைக் கிண்ணத்துக்கு 40 வாங்குங்கள்.