எத்தனை மணிக்கு வருவீர்கள்?

சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தள அறையில் எங்கள் குழு கூடும். ஆட்டிசம், கவனக்குறைவு என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த காகிதத்தோடு வருகிற ஆறு பிள்ளைகள். கடைக்குட்டிக்கு 9 வயது, மூத்தவனுக்கு 14. பிறரோடு பழகக் கற்றுக்கொடுப்பது என் வேலை என்று நியமனக் கடிதத்தில் இருக்கிறது.

வேலையில் சேர்ந்த புதிதில் சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருந்தேன்: 'பேசுகிறவரின் கண்ணைப் பார்.' ஒரு பையனை மூன்று மாதம் பழக்கினேன். அவனும் இமைக்காமல் பார்க்கக் கற்றுக்கொண்டான். ஒருநாள் அவனை அழைத்துப்போக வந்த பாட்டி என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏம்மா, தாத்தா கண்டித்தால் முன்பெல்லாம் தலையைக் குனிந்து நிற்பான். இப்போது முறைத்துப் பார்க்கிறானே, இதையா இங்கே சொல்லித்தருகிறீர்கள்?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் வளர்ந்த வீட்டிலும் பெரியவர்களை நேருக்கு நேர் பார்த்தால் அடிதான். பள்ளிக்கு ஒரு விதி, வீட்டுக்கு ஒரு விதி என்பதை யாரும் சொல்லாமலே நாங்கள் பிடித்துக்கொண்டோம். அவனோ அட்டையை நம்பிவிட்டான். பிறகு அவனிடமே கேட்டேன். "கண்ணைப் பார்த்தால் நீங்கள் சொல்வது காதில் ஏறாது, டீச்சர்" என்றான். மூன்று மாதமாக அவன் பார்த்தான், எதையும் கேட்கவில்லை. அட்டையை அன்றே கிழித்தேன்.

இப்போது பெரும்பாலும் லெகோ விளையாட்டுக் கட்டைகள்தான். 2004இல் டேனியல் லெகாஃப் என்ற உளவியலாளர் எழுதிவைத்த முறை. ஒருவர் வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஒருவர் துண்டுகளைத் தேடித்தர வேண்டும், ஒருவர் பொருத்த வேண்டும். பேசாமல் வேலை நகராது. "நீலம், எட்டுப் புள்ளி, தட்டையானது இல்லை" என்று ஒரு பெண் பொறுமையாக நான்கு முறை சொன்னாள். வீட்டில் வாயே திறக்காதவள் என்று படிவத்தில் இருந்தது.

'உனக்குப் பிடித்ததையே பேசிக்கொண்டிருக்காதே' என்று இன்னொரு விதியும் வைத்திருந்தேன். 14 வயதுப் பையனுக்கு ரயில் பைத்தியம். 2024 ஜூன் 23 அன்று சிங்கப்பூரின் தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையில் ஏழு நிலையங்கள் திறந்ததை அவன் எங்களுக்குச் சொல்லாத வாரமே இல்லை. தஞ்சோங் ரூ, தஞ்சோங் காத்தோங், மரின் பரேட் என்று ஒருநாள் ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, மூலையில் உட்கார்ந்திருந்த புதுப் பையன், "காத்தோங் பார்க்கை விட்டுவிட்டாய்" என்றான். நான் குறுக்கிட வாயைத் திறந்தேன், நல்லவேளை, மூடிக்கொண்டேன். இருவரும் பேஷோர் வரை சேர்ந்தே போய் வந்தார்கள், நாற்காலியை விட்டு எழாமல். ஒருவரையொருவர் பார்க்கவும் இல்லை. அவ்வளவு நல்ல உரையாடலை எங்கள் பணியாளர் அறையில்கூட நான் கேட்டதில்லை.

ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இலேயே இதைச் சொல்லிவிட்டார்: புரியாமை இரு பக்கமும் இருக்கிறது, அவர்களுக்கு நம்மைப் புரியாதது போல நமக்கும் அவர்களைப் புரிவதில்லை. நான் அதைப் படித்தது வெகு தாமதமாக. பயிற்சி முழுவதும் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

எனக்குப் பயிற்சி தரும் பொறுப்பை இப்போது கடைக்குட்டி ஏற்றுக்கொண்டிருக்கிறான். ஒருநாள் வகுப்பு முடிந்து "போய்விட்டு வருகிறேன்" என்று பையைத் தூக்கினேன். அவன் கதவருகே உட்கார்ந்துவிட்டான். அம்மா எவ்வளவு கெஞ்சியும் எழவில்லை. "டீச்சர் வருகிறேன் என்றார்களே, எத்தனை மணிக்கு?" இத்தனை வயதில் அந்தச் சொல்லை நான் ஒருமுறைகூடக் காதுகொடுத்துக் கேட்டதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து "போய்விட்டு, அடுத்த சனிக்கிழமை 10 மணிக்கு வருகிறேன்" என்றுதான் விடைபெறுகிறேன். போன வாரம் பஸ் தாமதம். ஓடி வந்தபோது பூட்டிய கதவின் முன்னால் நின்றிருந்தான், என் செருப்பைப் பார்த்தபடி.

"நான்கு நிமிடம்" என்றான்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சாவியைத் தேடினேன்.