கைநாட்டு வாங்கினால் சம்மதமாகுமா?

மருத்துவ அறநெறி என்றதும் நான்கு கோட்பாடுகளை ஒப்பிப்பது வழக்கம்: நோயாளியின் தன்னாட்சி (தன் சிகிச்சை பற்றித் தானே முடிவெடுப்பது), நன்மை செய்தல், தீங்கு தவிர்த்தல், நீதி. 1979 இல் அறநெறி அறிஞர்களான டொம் பீச்சமும் ஜேம்ஸ் சில்ட்ரஸும் இவற்றை வகுத்தபோது, எதற்கும் நிரந்தர முன்னுரிமை தரவில்லை. மோதல் வரும்போது சூழலைப் பார்த்து எடைபோட வேண்டும் என்றார்கள். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டச் சூழலைப் பார்த்தால், நீதி இல்லாத இடத்தில் தன்னாட்சிக்குப் பொருளே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

சம்மதம் செல்லுபடியாக வேண்டுமானால், முடிவெடுக்கும் நிலையில் நோயாளி இருக்க வேண்டும், தேவையான தகவலைப் பெற்றிருக்க வேண்டும், அதை விளங்கிக்கொண்டிருக்க வேண்டும், எவருடைய நெருக்குதலும் இருக்கக் கூடாது. பிரசவ வலியோடு லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டிலிருந்து, வந்த ஒரு தாயிடம், சிசேரியனுக்கான படிவத்தோடு கருத்தடைச் சத்திரசிகிச்சைப் படிவத்தையும் சேர்த்து நீட்டுவதாக வைத்துக்கொள்வோம். படிவம் சிங்களத்தில் இருக்கிறது. 1987 இலேயே தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது என்பது அந்த நேரத்தில் அவருக்கு உதவாது. அவர் கைநாட்டு வைக்கிறார். கோப்பு நிறைவடைகிறது, சம்மதத்துக்கு மேலே சொன்ன நான்கு நிபந்தனைகளில் ஒன்றுகூட நிறைவேறவில்லை. சிசேரியன் உயிர்காக்கும் அவசரமாக இருக்கலாம், கருத்தடை அப்படியல்ல. அதைக் கர்ப்பகாலக் கிளினிக்கிலேயே, யோசிக்க அவகாசம் கொடுத்துப் பேசியிருக்கலாம்.

எவ்வளவு சொன்னால் போதும் என்பதை வைத்தியரே தீர்மானிக்கலாம் என்ற பழைய எண்ணத்தை, 2015 இல் மொண்ட்கொமரி வழக்கில் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. நோயாளியின் இடத்திலுள்ள நியாயமான ஒருவர் எந்த அபாயத்தைப் பொருட்படுத்துவாரோ, அதைச் சொல்லியாக வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். கொழுந்துக் கூடை சுமப்பவருக்கோ, எத்தனை நாளில் மலைக்கு ஏறலாம் என்பதே முதற்கேள்வி; அதை நாம் பெரும்பாலும் கேட்பதேயில்லை.

நீரிழிவுக் கிளினிக்கைத் தவறவிட்டவரை ‘சொன்னால் கேட்காதவர்’ என்று குறித்துவைக்கிறோமே, அதுவும் இதே கணக்குத்தான். ஒரு நாள் பேர் (வேலைக்கு வந்ததற்கான பதிவு) போனால் அந்த நாளின் சம்பளம் போகிறது என்பதை அறியாமல், அது அவருடைய சுயவிருப்பம் என்று எப்படிச் சொல்வது?

மொழிபெயர்க்கப் பெரும்பாலும் அழைக்கப்படுபவர் கணவரோ பள்ளிக்கூடம் போகும் பிள்ளையோதான். கருத்தடை விடயத்தில் இருவருமே பொருத்தமற்றவர்கள். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, “நான் சொன்னத நீங்க ஒருக்கா சொல்லுங்கம்மா” என்று கேட்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். அந்தத் தாதியைப் பணிக்கு அமர்த்துவதுதான் நிர்வாகத்தின் வேலை.