பேரை நீங்கள் சொல்லாதீர்கள், அவர் சொல்லட்டும்

ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது, நான் பாஸ் ஆகிவிட்டேன். மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து தஞ்சாவூருக்குத் தினமும் பஸ்ஸில் போய் நர்சிங் படித்தவள் நான். அடுத்துத் தேர்வுக்குப் போகும் நர்சிங் ஜூனியர்களே, பிராக்டிகலில் மருந்து கொடுத்துக் காட்டும் பகுதியான ஸ்டேஷனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், மற்றது உங்களுக்கே தெரியும்.

மாடல் தேர்வில் எனக்கு வந்தது இன்சுலின். கட்டிலில் பொம்மை, திரைக்குப் பின்னால் மேடம் மைக்கில் நோயாளியாகப் பேசுவார். "ஐயா, நீங்கதானே கோவிந்தராஜ்?" என்று கேட்டேன். "ஆமாம்மா" என்று குரல் வந்தது, ஊசியைப் போட்டுவிட்டேன். மேடம் வந்து பொம்மையின் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். கையில் கட்டிய பேர்ப் பட்டையில் கோவிந்தசாமி என்று இருந்தது, ஐ.பி. நம்பரும் (உள்நோயாளி எண்) வேறு. கிளவுஸுக்குள் என் கை வியர்த்துப் போயிற்று. பொம்மை என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வார்டில் என்றால் சர்க்கரையே இல்லாத ஒருவருக்கு இன்சுலின் ஏறி, சர்க்கரை இறங்கி, மயக்கம் வரை போயிருக்கும்.

நம் பக்கத்துப் பெரியவர்கள் நர்ஸ் எதைக் கேட்டாலும் "ஆமாம்மா" என்றுதான் சொல்வார்கள், காது கேட்காவிட்டாலும் தலையை ஆட்டுவார்கள், என் தாத்தாவும் அப்படித்தான். அதனால் "ஐயா, உங்க பேரு என்ன?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொன்ன பேர், பட்டை, கேஸ் ஷீட், ஐ.பி. நம்பர் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். கட்டில் நம்பரை நம்பவே நம்பாதீர்கள்.

லேபில் ஆளுக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது. நான் வீட்டுத் திண்ணையில் அத்தையைப் படுக்க வைத்து, கையில் துணிப்பட்டை கட்டி, ஊசியில்லாத சிரிஞ்சோடு ஒரு மாதம் பழகினேன். அத்தை வேண்டுமென்றே தப்புப் பேர் சொல்வார், தம்பி நடுவில் வந்து பேச்சுக் கொடுப்பான். பேச்சு கொடுத்தால் மறுபடி லேபிளிலிருந்து ஆரம்பிப்பேன்.

மற்றவை:
- வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். மனசுக்குள் சரிபார்த்தது எக்ஸாமினருக்குத் தெரியாது.
- லேபிள் மூன்று முறை: எடுக்கும்போது, ஏற்றும்போது, கொடுப்பதற்கு முன்.
- ஒரு மி.லி.க்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் போவது 8 யூனிட்தான்.
- டிரிப்ஸ் 1000 மி.லி., 8 மணி நேரம், ஒரு மி.லி.க்கு 20 துளி விழும் செட் என்றால் நிமிடத்துக்கு 42 துளி.
- கொடுத்த பிறகுதான் கையெழுத்து.

தேர்வன்று பேரைக் கேட்டதும், "பேரு எதுக்கும்மா, சீக்கிரம் போட்டு விடு" என்று மைக்கில் சலித்துக்கொண்டார்கள். "சொல்லுங்க ஐயா, நான் காத்திருக்கேன்" என்று நின்றேன். சொன்னார்கள், பட்டையும் ஒத்துப்போனது. அப்புறம், அலர்ஜி கேட்க மறக்காதீர்கள், எனக்கு அதில்தான் மார்க் போனது.